பாரதி பிறந்த இல்லம்

இராயகிரியிலிருந்து கிழக்கே, சங்கரன்கோவிலையும் கழுகுமலையையும் கோவில்பட்டியையும் கடந்தால் எட்டயபுரம் வரும். அங்கே, தம் தாய் இலட்சுமி அம்மாளின் பிறந்தகத்தில், 1882 டிசம்பர் 11 அன்று பாரதியார் பிறந்தார். ஐந்து வயதில் அத்தாயை இழந்தார். தந்தை தொடங்கிய பஞ்சாலை நொடித்தது. 1898இல் அவரும் மறைந்தார். அதன்பின் பாரதியாரின் வாழ்வு ஊர் ஊராய் நகர்ந்தது. ஆங்கிலேயரின் கைக்குத் தப்பி 1908 முதல் 1918 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் தங்கினார். 1921 செப்டம்பரில், நாற்பது வயது நிரம்புமுன், திருவல்லிக்கேணியில் தாம் குடியிருந்த வீட்டிலேயே உயிர்நீத்தார்.

வாழுங்காலத்தில் வாடகைக்கு அல்லற்பட்டவருக்கு இன்று எட்டயபுரத்திலும் புதுச்சேரியிலும் திருவல்லிக்கேணியிலும் அரசு காக்கும் நினைவில்லங்கள் உள்ளன. இது நாம் காலந்தாழ்த்திச் செலுத்திய நன்றிக்கடன். ஆயினும் கடன் முற்றும் தீர்ந்ததென்று கருதலாகாது. 2025 மார்ச்சில் எட்டயபுரத்து இல்லத்தின் மேற்கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

ஓர் இல்லத்தை நினைவுச்சின்னமாக அறிவிப்பது ஒருநாட் பணி. அதைக் காப்பதோ ஆண்டுதோறும் தொடரும் பணி. சுவரில் வேர்விட்ட செடியைக் களைவதும், காரை பெயர்ந்த இடத்தைப் பூசுவதும், உளுத்த உத்திரத்தை மாற்றுவதும் எவர் கண்ணிலும் படாத தொண்டுகள். டிசம்பரில் மாலை சூட்ட விழைவோர் ஐப்பசி மழைக்கு முன்பே கூரையைப் பார்த்துவிட வேண்டும்.