வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம்

வடக்கன்குளம், திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் குமரி மாவட்ட எல்லையை ஒட்டிய ஊர். இங்குள்ள திருக்குடும்ப ஆலயம் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. திருவிதாங்கூர் அரசுப் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளை, 1745இல் இவ்வூரில்தான் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

எல்லாரும் சமம் என்று போதித்த அவர் கிறித்தவரான இதே பங்கில், பிற்காலத்தில் வெள்ளாளர் நாடாருடன் கலந்து அமர மறுத்தனர். குருக்கள் கண்ட வழி விசித்திரமானது. 1872ஆம் ஆண்டளவில் எழுந்த புதிய கோயிலில் பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்களாகப் பிரியும் மண்டபங்கள், நடுவில் சுவர். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பாராமலே ஒரே பூசையைக் காணலாம்! ‘கால்சட்டைக் கோயில்’ என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. சமரசம் என்று எண்ணிக் கட்டியது, பிரிவினைக்கே கல்லும் சுண்ணாம்பும் கொடுத்தது.

1910இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தார். வெள்ளாளர் தரப்பினர் தங்கள் தனியுரிமையைக் கோரி, திருச்சி ஆயர் பார்த் மீது வழக்குத் தொடுத்தனர். திருநெல்வேலியில் தொடங்கிச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கு அவர்களுக்குப் பாதகமாகவே முடிந்தது. சுவர் மீண்டும் எழவில்லை.