காரணம் உணர்த்தும் சொற்சேர்க்கைகள்

காரணம் உணர்த்தும் சொற்சேர்க்கைகள் என்பவை, ஒரு நிகழ்வு எதனால் ஏற்பட்டது என்று கூறும்போது ஒரு மொழியில் வழக்கமாகச் சேர்ந்து வரும் சொற்களின் தொகுதிகள் ஆகும். தமிழில் "தீங்கு விளைவித்தல்", "வழிவகுத்தல்", "மூலகாரணம்" ஆகியவையும், ஆங்கிலத்தில் "காஸ் டேமேஜ்", "லீட் டு", "ரூட் காஸ்" ஆகியவையும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகும். இவை பெரும்பாலும் இலக்கண விதியால் அன்றிப் பழக்கத்தால் அமைவன. ஆகவே, ஒவ்வொரு சொல்லின் பொருளையும் தனித்தனியே அறிந்த மாணவரும் இவற்றில் தவறுவதுண்டு. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பல, ஆந்திர எல்லையை ஒட்டிய மலைக்கோயில் ஊரான திருத்தணியைப் பற்றியவை. அவ்வூரின் பெயர், வழிபாடு, ஆட்சி எல்லை ஆகிய மூன்றுமே "ஏன்?" என்ற வினாவோடு சேர்த்துப் பேசப்படுபவை.

ஆங்கிலத்தில்

சொற்கள் எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்பதைக் கொண்டு அவற்றின் பொருளை ஆராயலாம் என்னும் கருத்தை 1950களில் வலியுறுத்தியவர் பிரித்தானிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த். கணினியில் சேமிக்கப்பட்ட பெருந்தொகையான உரைகளைத் தேடும் வசதி வந்தபின் இத்துறை விரைவாக வளர்ந்தது. 1995-இல் மைக்கேல் ஸ்டப்ஸ் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று "காஸ்" என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு, அது மிகப் பெரும்பாலும் விரும்பத்தகாதவற்றோடேயே சேர்ந்து வருவதைக் காட்டியது. சேதம், சிக்கல், வலி, கவலை, தாமதம், மரணம் போன்றவை அதன் வழக்கமான துணைகள். அகராதி தரும் பொருள் நடுநிலையானது. வழக்கு தரும் சாயலோ அப்படியன்று. ஒரு சொல்லின்மேல் அதன் துணைச்சொற்கள் ஏற்றும் இத்தகைய சாயலைப் பற்றி 1993-இல் பில் லூவ் எழுதியிருந்தார்.

மென்பொருள் துறையினர் இதை நாள்தோறும் காண்கின்றனர். ஜாவா மொழியில் எழுதிய நிரல் முறிந்து நிற்கும்போது வரும் நீண்ட பிழை அறிக்கையில் "காஸ்ட் பை" என்று தொடங்கும் வரிகள் இருக்கும்; அவற்றுள் கடைசியில் வருவதே பெரும்பாலும் மூலகாரணம். நிரல் ஒழுங்காக ஓடியதற்கு அப்படி ஒரு வரி அச்சிடப்படுவதில்லை.

நல்விளைவைச் சொல்ல "ப்ரிங் அபவுட்", "லீட் டு" போன்றவை பொருந்தும். "லீட் டு" நன்மை, தீமை இரண்டிற்கும் வரும். "தேங்ஸ் டு" நன்றியாகவும் வரும், குத்தலாகவும் வரும். தமிழ் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடங்கள் இரண்டு. முதலாவது, "ரிசல்ட் இன்", "ரிசல்ட் ஃப்ரம்" என்பவற்றின் திசை. முன்னதில் காரணம் எழுவாயாகும். பின்னதில் விளைவு எழுவாயாகும். மழை வெள்ளத்தில் "ரிசல்ட் இன்" ஆகிறது. வெள்ளம் மழையிலிருந்து "ரிசல்ட் ஃப்ரம்" ஆகிறது. இரண்டாவது, "காஸ்" என்னும் பெயர்ச்சொல்லுக்கு "ஆஃப்" சேர, "ரீசன்" என்பதற்கு "ஃபார்" சேர்வது. விபத்தின் காரணம், தாமதத்திற்குக் காரணம் என்று தமிழில் வேற்றுமை உருபை மாற்றினாலும் காரணம் காரணமாகவே இருப்பதால், இந்த வேறுபாடு நமக்கு இயல்பாகத் தோன்றுவதில்லை.

தமிழ் இலக்கணத்தில்

தமிழில் காரணம் பெரும்பாலும் தனிச்சொல்லாக வாராமல் உருபிலேயே அடங்கிவிடும். மூன்றாம் வேற்றுமை உருபாகிய "ஆல்" கருவியையும் கருத்தாவையும் உணர்த்தும். காரணமும் இதனுள் அடங்கும். நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்குக் கூறும் நான்கு பொருள்களுள் ஒன்று ஏது, அதாவது காரணம். "அறிவில் சிறந்தவர்" என்பதில் சிறப்புக்குக் காரணம் அறிவு. வினையெச்சத்திலும் இது அமையும். "மழை பெய்யக் குளம் நிறைந்தது" என்பதில் மழை காரணம். "குளம் நிறைய மழை பெய்தது" என்பதில் குளம் நிறைதல் காரியம். எச்சத்தின் வடிவம் ஒன்றே. காரண காரியம் மட்டும் இடம் மாறுகிறது.

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுப்பதும் தமிழ் இலக்கண மரபு. திருத்தணி ஒரு காரணப்பெயர் என்பது தலமரபு. சூரபத்மனோடு செய்த போருக்குப் பின் முருகனின் சினம் தணிந்த இடமாதலால் தணிகை என்று பெயர் பெற்றது என்பர். செரு தணிந்த இடம் ஆகையால் "செருத்தணி" என்றிருந்து மருவியது என்றும் கூறுவர். அதே காரணத்தையொட்டி, மற்ற முருகன் தலங்களில் கந்த சஷ்டியின்போது நடைபெறும் சூரசம்ஹாரம் இங்கு நிகழ்த்தப்படுவதில்லை.

தமிழ் வழக்கில்

ஆங்கிலத்தில் "காஸ்" பெற்ற சாயலைத் தமிழில் "இழைத்தல்" என்னும் வினையில் காணலாம். கொடுமை இழைத்தல், தீங்கு இழைத்தல், அநீதி இழைத்தல், துரோகம் இழைத்தல் என்பன வழக்கு. நன்மை இழைத்தான் என்று எவரும் எழுதுவதில்லை. "விளைவித்தல்" சற்று இடம் தருகிறது. நன்மை விளைவிக்கும் என்றும் எழுதலாம், ஆயினும் எச்சரிக்கை வாசகங்களில் தீங்கோடும் கேட்டோடும் வந்து வந்து அப்பக்கமே சாய்ந்துவிட்டது. "ஏற்படுத்துதல்" எதனோடும் சேரும். அதனாலேயே எழுதுபவர்கள் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகின்றனர்.

நன்மைக்குரிய சொற்கள் வேறு. முருகன் அருளால், பெரியோர் ஆசியால், உங்கள் உதவியால், உன் புண்ணியத்தில் என்பன அவை. கடைசியாக உள்ளது "தேங்ஸ் டு" போலவே குத்தலுக்கும் பயன்படும்.

இவற்றுள் பல வேளாண்மையிலிருந்து வந்தவை. விளைவு என்பது விளைச்சலோடு உறவுடையது. "வித்திட்டது" வெளிப்படையாகவே விதைப்பு. வேர் என்னும் பொருளுடைய வடசொல்லே மூலகாரணத்தில் உள்ள "மூலம்". ஆங்கில "ரூட் காஸ்" என்பதும் வேரே. "வழிவகுத்தது", "வழிகோலியது" ஆகியன பாதையை உருவகமாகக் கொண்டவை. அண்மைக்கால உரைநடையில் மிகுந்துவரும் "இட்டுச் சென்றது" என்பது "லீட் டு" என்பதன் நேர் பெயர்ப்பு. "போருக்கு இட்டுச் சென்றது" என்பதைவிட "போரில் முடிந்தது" என்பதே நல்ல தமிழ்.

திருத்தணிப் பகுதியில் தமிழோடு வழங்கும் தெலுங்கிலும் ஒத்த அமைப்புகள் உண்டு. தமிழின் "ஏனென்றால்" என்பது ஏன், என்றால் ஆகிய இரண்டின் சேர்க்கை. தெலுங்கின் "எந்துக்கண்டே" என்பதும் அவ்வாறே வினாச்சொல்லோடு "என்றால்" என்னும் பொருளுடைய சொல் சேர்ந்து அமைந்தது.

ஒரு நிகழ்வும் பல காரணச் சொற்களும்

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி அம்மாநிலத்திற்குள் அடங்கியது. அப்பகுதியைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரி ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர். நடுவண் அரசு எச். வி. படாஸ்கரை நடுவராக அமர்த்தியது. கிராமத்தை அலகாகவும், நிலத் தொடர்ச்சியையும் மொழிப் பெரும்பான்மையையும் அளவுகோலாகவும் கொண்ட அவருடைய பரிந்துரையின் அடிப்படையில் 1959-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது.

இதனை ஒரு வரியில் எழுத முற்படுபவர் காரணச் சொல் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். "1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேர்க்கப்பட்டது" என்றால் செயல் நாடாளுமன்றத்தினுடையது. "போராட்டத்தின் விளைவாக" என்றால் பெருமை போராடியவர்களுக்கு. "போராட்டத்தின் பயனாக" என்றால் அது நன்மை என்ற தீர்ப்பும் சேர்ந்துவிடுகிறது. "போராட்டத்திற்குப் பின்" என்பது கால முறையை மட்டும் கூறிக் காரணத்தை வாசகரிடம் விட்டுவிடுகிறது. நடுநிலை போலத் தோன்றினாலும் போராட்டத்தின் பங்கை மறைக்கவும் இதுவே ஏற்ற தொடர். "படாஸ்கரால்" என்று எழுதினால் "ஆல்" உருபு கருத்தாவைக் குறிக்கும். "போராட்டத்தால்" என்று எழுதினால் ஏதுவைக் குறிக்கும். உருபு ஒன்றாயினும் பொறுப்பு வேறு. மேற்கண்ட நிகழ்ச்சிகளின் வரிசையைப் பார்க்கும்போது, போராட்டத்தை ஏதுவாகவும் சட்டத்தைக் கருவியாகவும் கூறும் தொடரே பொருத்தமானது.

வினைச்சொல்லும் பக்கம் சார்ந்தே வருகிறது. தமிழ் நூல்கள் திருத்தணி "மீட்கப்பட்டது" என்று எழுதுவது வழக்கம். அதே ஏற்பாட்டின்கீழ்ச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. அதற்குத் தமிழில் பொதுவாக வரும் சொல் "இழந்தோம்" என்பதே.