உதாரணம்.பரிட்சை: தமிழில் ஒரு இணைய முகவரி பட்ட பாடு

டொமைன் பெயர்கள் வருவதற்கு முன்னால், அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில்தான் இருந்தன. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனம் அந்தப் பட்டியலைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது நகல் எடுத்துக் கொள்வார்கள். பழைய நகலை வைத்திருப்பவருக்குப் புதிய கணினி அகப்படாது. "எனக்குத் திறக்குதே, உனக்கு ஏன் திறக்கல?" என்ற தகராறு அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது! 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் அந்த ஒற்றைப் பட்டியலைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. ஆனால் பெயரில் வரக்கூடியவை 26 ஆங்கில எழுத்து, 10 எண், ஒரு சிறு கோடு, ஆக 37 குறிகள் மட்டுமே.

தமிழ் எப்படி உள்ளே வந்தது? 1998 வாக்கில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினர் பிற மொழிப் பெயர்களை இயக்கிப் பார்த்தார்கள். 2003இல் முறையான தரம் வந்தது. அதன்படி டிஎன்எஸ்ஸுக்குத் தமிழ் தெரியவே வேண்டாம். பிரவுசரே தமிழ்ப் பெயரை 'எக்ஸ் என்' என்று தொடங்கும் ஒரு ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றி அனுப்பிவிடும்.

2007 அக்டோபரில் ஐகான் அமைப்பு 11 சோதனைப் பெயர்களை இணையத்தின் வேரிலேயே சேர்த்தது. தமிழுக்குக் கிடைத்தது 'உதாரணம்.பரிட்சை'. அகராதியில் 'பரீட்சை' என்று நெடிலாக இருக்கும், இங்கே குறில். இலக்கணம் தெரிந்தவர் சரியாக அடித்திருந்தால் தளம் வந்திருக்காது :-) 2010-11இல் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகியவை நிஜமாகவே வந்துவிட்டதால், 2013 அக்டோபர் 31இல் பரிட்சை நீக்கப்பட்டது.

பரிட்சை முடிந்தாலும் தொல்லை முடியவில்லை. திருச்சி மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கும் தொட்டியத்தையே எடுத்துக் கொள்வோம். அங்குள்ள வாழை வியாபாரி ஒருவர் 'தொட்டியம்வாழை' என்று ஒரு தளம் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வம்பு முதல் எழுத்திலேயே இருக்கிறது. யூனிகோடில் 'தொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 'த' வுக்குப் பிறகு ஒகரக் குறி ஒரே எண்ணாக. இன்னொன்று, கொம்பு தனி எண், கால் தனி எண். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். கணினிக்கோ வேறு வேறு. தரத்தைப் பின்பற்றும் பிரவுசர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் ஆங்கில வடிவத்துக்கு மாற்றும். அந்தப் படியை விட்டுவிட்டு அவசரத்தில் எழுதிய நிரல் அப்படிச் செய்யாது. ஒரே ஊருக்கு இரண்டு முகவரி பிறந்துவிடும். காலுக்குப் பதில் 'ர' வை அடித்துவிட்டால் அதை எந்தப் பிரவுசரும் காப்பாற்றாது.

இதனால்தான் தளத்தை உருவாக்கும்போது கோளாறு வந்து வந்து போவது போலத் தெரிகிறது. உண்மையில் அது வந்து போவதில்லை. ஒருவர் அடித்தால் திறக்கிறது, வேறு விசைப்பலகையில் இன்னொருவர் அடித்தால் திறப்பதில்லை, அவ்வளவுதான். பெயரைக் கண்ணால் ஒப்பிட்டுப் பயனில்லை, எழுத்துக்கு எழுத்து எண்ணை ஒப்பிட வேண்டும். சொந்தக் கணினியில் சோதிப்பவர் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் (அந்தப் பழைய எஸ்ஆர்ஐ பட்டியலின் வாரிசு!) தமிழில் எழுதிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. மாற்றிய வடிவத்தைத்தான் அங்கே எழுத வேண்டும், சர்வர் அமைப்பிலும் அப்படியே.

எல்லாவற்றையும் திருத்திய பிறகும் ஒரு மணி நேரம் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று வரலாம். இல்லை என்ற பதிலையும் டிஎன்எஸ் சர்வர்கள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. அதற்கான விதி 1998இல் திருத்தி எழுதப்பட்டது. எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பது டொமைனின் பதிவிலேயே இருக்கும். அதைப் பார்க்காமல், சரியாக இருக்கும் பதிவை மறுபடியும் மாற்றிக் கெடுத்துக் கொள்பவர்கள்தான் அதிகம்.