கம்பி வந்த ஊரில் சூரிய மின்சாரம்: நிலக்கோட்டைச் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டின் சூரிய மின்சாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கமுதியில் தொடங்குவார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில், 648 மெகாவாட் திறனுடன் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்ட அந்த நிலையம், ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் அன்று உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. வீட்டுக் கூரையிலும் கிணற்றடியிலும் தெருமுனைக் கம்பத்திலும் நடந்த வரலாறு வேறு. மெகாவாட் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது. அதைத் தேடத் திண்டுக்கல் மாவட்டத்து நிலக்கோட்டை போன்ற ஊர்தான் ஏற்றது: பூச்சந்தையால் பிழைக்கும் பேரூர், கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பிய தோட்டங்கள், சுற்றிலும் சிறு பட்டிகள்.

இந்தச் சமவெளியில் சூரிய மின்சாரம் எங்கே நுழைந்தது, எங்கே தயங்கி நின்றது என்பதை வெயிலின் அளவோ பலகையின் விலையோ மட்டும் முடிவு செய்யவில்லை. பக்கத்தில் ஏற்கெனவே ஓடிய மின்வாரியக் கம்பியில் கரண்ட் என்ன விலைக்கு வந்தது, எந்த வேளைக்கு வந்தது என்பதே பெரிதும் முடிவு செய்தது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

முந்தி வந்த கம்பி

1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டபின் அதன் நீர் வைகையில் இறங்கி, நிலக்கோட்டை வட்டத்துப் பேரணையில் கால்வாய்க்குத் திரும்பி மேலூர்ப் பக்கம் போனது. கால்வாய் எட்டாத மேட்டு நிலங்களுக்கு மாடு பூட்டி இறைக்கும் கமலையே கதி. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1930-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கி, அதன் கம்பிகள் மதுரை வரை நீண்ட பிறகுதான் கமலைக்கு மாற்று கண்ணில் பட்டது. மதுரையில் இன்றும் பைக்காரா என்றொரு பேட்டை இருக்கிறது. 1957-ல் சென்னை மாநில மின்வாரியம் அமைந்தபின் இணைப்புகள் வேகம் பிடித்தன. 1980-களுக்குள் மாநிலத்தின் ஏறத்தாழ எல்லா ஊர்களுக்கும் கம்பி போய்விட்டது. வட இந்தியாவின் பெரும்பகுதியோடு ஒப்பிட்டால் இது மிக முந்திய காலம்.

கம்பியோடு அரசியலும் வந்தது. விவசாய மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் கோவை வட்டாரத்தில் தொடங்கிய போராட்டம், 1978-ல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரில் துப்பாக்கிச் சூடு வரை போனது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரத்தை இலவசமாக்கின. நிலக்கோட்டை 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்து, பிறகு புதிய திண்டுக்கல் மாவட்டத்தில் சேர்ந்தது. அந்தப் பத்தாண்டில் இந்த வட்டாரத்துத் தோட்டக்காரருக்கு மாவட்டம் மாறியதைவிட மீட்டர் போனது பெரிய செய்தியாக இருந்திருக்கும்.

சூரிய மின்சாரம் ஊருக்குள் வந்தபோது அது போட்டியிட வேண்டியிருந்தது இந்த இலவசத்தோடுதான்.

லாந்தர் காலம்

சிலிக்கான் சூரிய மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954-ல் செய்து காட்டியது. விழும் ஒளியில் 6 விழுக்காடு மட்டுமே மின்சாரமானது. இந்தியாவில் சாகிபாபாத்தின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-ல் முதல் மின்கலத்தைச் செய்தது. அந்த ஆண்டு உலகச் சந்தையில் ஒரு வாட் மின்கலத்தின் விலை ஏறத்தாழ 76 டாலர். 1982-ல் மத்திய அரசு மரபுசாரா எரிசக்திக்குத் தனித்துறை வைத்தது. 1984 நவம்பரில் தமிழக அரசு ‘டெடா’ என்று அறியப்படும் எரிசக்தி மேம்பாட்டு முகமையை உருவாக்கியது.

அன்றைய திட்டங்கள் பொருளாக என்ன தந்தன என்று பார்த்தால் அளவு புரியும். சூரிய லாந்தர் என்பது 10 வாட் பலகை, 7 வாட் சி.எஃப்.எல். குழல், கைக்கடக்கமான ஒரு பேட்டரி. தெருவிளக்கு என்பது 74 வாட் பலகை, 11 வாட் குழல், கம்பத்தின் நடுவே இரும்புப் பெட்டிக்குள் 75 ஆம்பியர்-மணி பேட்டரி. சின்னாளபட்டி அருகே 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தின் கிராமியப் பல்கலைக்கழகம் ஊரக எரிசக்தியை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு, சாண எரிவாயு, புகையில்லா அடுப்பு, சூரிய அடுப்பு என்று சுற்றுக் கிராமங்களோடு உழைத்தது. ஆனால் கம்பி போன ஊரில் லாந்தர் ஒரு துணைக்கருவியாக மட்டுமே இருந்தது.

இலங்கையை வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். அங்கே 1990-களில் பல கிராமங்களுக்குக் கம்பி போகவில்லை. வீடுகளில் கார் பேட்டரியைச் சந்தையில் சார்ஜ் செய்து தொலைக்காட்சி பார்த்தார்கள். 1997-க்குப் பிறகு உலக வங்கியின் கடனுதவியோடு சர்வோதய இயக்கத்தின் ‘சீட்ஸ்’ போன்ற அமைப்புகள் தவணைக் கடனில் வீட்டுச் சூரியத் தொகுதிகளைக் கொண்டு சேர்த்தன. அவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. பிறகு கம்பி வந்த ஊர்களில் அவை கழற்றி வைக்கப்பட்டன. நிலக்கோட்டையில் அந்த முதல் கட்டமே நிகழவில்லை. இங்கே சூரிய மின்சாரத்துக்கு இடம் கிடைக்க, இருந்த கம்பி முதலில் தவற வேண்டியிருந்தது.

பசுமை வீட்டின் ஐந்து விளக்குகள்

தவறியது. 2008 தொடங்கி 2013 வரை தமிழகம் கண்ட மின்வெட்டை அந்த வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேவை ஏறியது, புதிய அனல்மின் நிலையங்கள் தாமதமாயின, கூடங்குளம் அணுமின் நிலையம் இழுத்துக்கொண்டே போனது, வடக்கிலிருந்து வாங்கலாம் என்றால் தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதியோடு முழுமையாக இணையவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி மூலம் அந்த இணைப்பு நடந்தது 2013 டிசம்பர் 31-ல்தான். 2012-ல் சென்னைக்கு 2 மணி நேர வெட்டு. தென்மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். இன்வெர்ட்டர் வாங்க வசதியிருந்தவர்கள் வாங்கினார்கள். ஆனால் பேட்டரி நிரம்பும் முன் அடுத்த வெட்டு வந்தால் இன்வெர்ட்டராலும் பயனில்லை. கூரைமேல் ஒரு பலகை வைத்து அந்தப் பேட்டரிக்குக் கொடுக்கலாம் என்று நடுத்தர வீடுகள் யோசித்தது அப்போதுதான்.

ஏழை வீட்டுக்கு இது வேறு வழியில் வந்தது. 2011-ல் ஜெயலலிதா அரசு அறிவித்த சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஐந்தாண்டில் 3 லட்சம் என்பது இலக்கு. வீடொன்று 300 சதுர அடி: கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, திண்ணை. ஒதுக்கீடு 1,80,000 ரூபாய். இதில் 1,50,000 கட்டுமானத்துக்கு, 30,000 சூரிய விளக்குகளுக்கு. அறைக்கு ஒன்றாக ஐந்து சி.எஃப்.எல். விளக்குகள். கூடவே ஆண்டுக்கு 20,000 தெருவிளக்குகளைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றும் திட்டமும் இருந்தது.

இந்த வீட்டின் மின்சார அமைப்பை உற்றுப் பார்ப்பது பயனுள்ளது. பலகையிலிருந்து கம்பி பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து ஐந்து விளக்குக்கு. அவ்வளவே. வேண்டுமென்றால் வாரிய இணைப்பும் வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டமே இடம் வைத்திருந்தது. அதே 2011 செப்டம்பரில் அதே அரசு வீட்டுக்கு வீடு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. பசுமை வீட்டின் சூரியத் தொகுதியில் இவற்றில் ஒன்றும் ஓடாது. அது விளக்குக்கு மட்டும் அளவெடுத்துச் செய்தது. ஆகவே பயனாளி மின்வாரிய அலுவலகத்துக்கு நடந்தே ஆக வேண்டும். ஒரு கை கொடுத்த விசிறியைச் சுழற்ற இன்னொரு கை கொடுத்த மின்சாரம் போதவில்லை என்பதைத் திட்டம் தீட்டியவர்கள் கவனித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

வாரிய இணைப்பு வந்த பின் ஐந்து விளக்குகள் மின்வெட்டுக் காவலாகிவிட்டன. 2014-க்குப் பிறகு மின்வெட்டு குறையக் குறைய அந்தக் காவலுக்கும் வேலை குறைந்தது. ஈய-அமில பேட்டரி நாலைந்து ஆண்டுக்கு மேல் தாங்காது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். புதிய பேட்டரியின் விலை, அது மிச்சப்படுத்தும் மின்கட்டணத்தைவிடப் பல மடங்கு. 2016 மே மாதத்திலிருந்து இரு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம் என்றான பின், ஐந்து விளக்குக்காகப் பேட்டரி மாற்றுவதில் பொருளாதார நியாயமே இல்லாமல் போனது. பலகை இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும்; பேட்டரி ஐந்தாண்டில் ஓயும். இந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதற்குத் தொடக்கத்திலேயே விடை எழுதியிருக்க வேண்டும். பராமரிக்காததற்குப் பயனாளியைக் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது.

ஊராட்சி அளவில் வேறு பாதையும் உண்டு. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, குடிநீர் மோட்டாரின் மின்கட்டணத்தைக் குறைக்க வழி தேடி, சூரியத் தெருவிளக்கு, விறகு வாயுக்கலன் என்று முயன்று, 2006-ல் வங்கிக் கடனில் 350 கிலோவாட் காற்றாலையே வாங்கி, மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. அங்கே பொருள் யாருடையது, கட்டணம் யார் தலையில் என்ற இரண்டும் ஒரே கையில் இருந்தன. பசுமை வீட்டில் அப்படி இல்லை.

பூந்தோட்டத்தில் பம்பு

நிலக்கோட்டையின் மல்லிகைக்கு நீர் அளவாக, ஆனால் தவறாமல் வேண்டும். கம்பி மின்சாரம் இலவசம்தான். மும்முனை மின்சாரம் பகலில் 6 மணி, இரவில் 3 மணி என்று முறைவைத்து வந்த காலத்தில், இரவு முறைக்கு டார்ச் லைட்டோடு பாம்புக்குப் பயந்து மோட்டார் கொட்டகைக்கு நடக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் புதிய இணைப்பு. இலவச இணைப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் மூதுரிமைப் பட்டியலில் காத்திருப்பது மாநிலம் முழுதும் உள்ள நிலை. அதுவரை ஆயில் இன்ஜினும் டீசலும்தான்.

சூரியப் பம்பு நுழைந்தது இந்த வரிசையில் நின்றவர்கள் வழியே. வேளாண் பொறியியல் துறை மானியத்தில் கொடுத்த பம்புகளுக்கு, இலவச இணைப்புக் கோரிய விண்ணப்பத்தைத் துறக்கச் சம்மதம் கேட்கப்பட்டது. நுண்ணீர்ப் பாசனமும் நிபந்தனை. 2019-ல் மத்திய அரசின் பி.எம்.-குசும் திட்டம் வந்தபின் பொதுவாக 60 விழுக்காடு மானியம், மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி. வெயில் ஏறும் காலை ஒன்பது மணிக்கு நீர் பிடித்து, உச்சிவேளையில் முழு வேகம் கண்டு, நாலு மணிக்குத் தளரும் இந்தப் பம்பு, சொட்டுநீர்க் குழாயோடு சேர்ந்தால் மல்லிகைக்கு நன்றாகவே பொருந்தும். அதிகாலையில் மொட்டுப் பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டுப் பகலில் நீர் விடலாம்; இரவுக் காவல் இல்லை.

நிலத்தடி நீரை யார் கேட்பது? இலவச மின்சாரத்திலாவது முறைவைத்த மணி நேரம் ஒரு கட்டுப்பாடாக இருந்தது. சூரியப் பம்புக்கு வெயில் உள்ளவரை கட்டுப்பாடில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் பல குறுவட்டங்கள் நீர் எடுப்பில் அதிநுகர்வு வகையில் உள்ளவை. அத்தகைய பகுதிகளில் புதிய பம்புக்கு இடமில்லை, டீசல் பம்பை மாற்றலாம், அதுவும் நுண்ணீர்ப் பாசனத்தோடு என்று குசும் விதி சொல்கிறது. விதி சரி. ஆனால் ஒருமுறை பொருத்திய பம்பு நாளுக்கு எவ்வளவு இறைக்கிறது என்பதை அந்த விதி கேட்பதில்லை.

மீட்டருக்கு இரு திசை

அடுத்த கட்டத்தில் சூரிய மின்சாரம் கம்பிக்கு மாற்றாக நிற்பதை விட்டுக் கம்பிக்குள்ளேயே நுழைந்தது. 2012 அக்டோபரில் வெளியான மாநிலச் சூரிய எரிசக்திக் கொள்கை 2015-க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தது. 2013-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிகர அளவீட்டுக்கு ஆணை பிறப்பித்தது: பகலில் மிஞ்சுவதைக் கம்பிக்குக் கொடுத்து, இரவில் எடுத்துக்கொண்டு, வித்தியாசத்துக்கு மட்டும் பணம் கட்டலாம். பேட்டரித் தொல்லை அற்றது. 2019-ல் ஆணையம் இம்முறையைக் கைவிட்டு, கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் வெவ்வேறு விலை வைத்தது. 2021 விதிகளில் வீடுகளுக்கு மட்டும் நிகர அளவீடு திரும்பியது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம் 2 கிலோவாட் வரையும், 3 கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் தருகிறது.

2022 செப்டம்பர் கட்டணத்தை வைத்து ஒரு கணக்குப் போடலாம். இரு மாதத்துக்கு 700 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு 3,650 ரூபாய். ஒரு கிலோவாட் பலகை நாளுக்கு 4 யூனிட் என்று கொண்டால் இரு மாதத்தில் 240 யூனிட் தரும். மீதி 460 யூனிட்டுக்குக் கட்டணம் 1,485 ரூபாய், மிச்சம் 2,165. அதே பலகையை 200 யூனிட் எரிக்கும் வீட்டின் மேல் வைத்தால் மிச்சம் வெறும் 225 ரூபாய், ஏனெனில் அந்த வீட்டின் மொத்தக் கட்டணமே அவ்வளவுதான். வெயில் இரண்டு கூரைக்கும் ஒன்றே. கம்பி மின்சாரத்தின் விலை ஒன்றல்ல. பேருந்து நிலையத்தை ஒட்டிய குளிர்சாதன வசதியுள்ள மாடிவீடும் பட்டியிலுள்ள 300 சதுர அடி வீடும் ஒரே மானியத்துக்குத் தகுதியுடையவை. ஆனால் முதலில் பலகை ஏறுவது எந்த மாடியில் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். வாடகைக்குக் குடியிருப்பவரும் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுக்குக் கீழே இருப்பவரும் கணக்குக்குள்ளேயே வருவதில்லை.

வாரியத்துக்கும் இதில் ஒரு வேதனை உண்டு. 700 யூனிட் வீடுகள்தாம் 200 யூனிட் வீடுகளின் கட்டணச் சுமையில் ஒரு பங்கைத் தாங்குபவை. அவை கூரைக்கு நகர நகர, பகலில் மட்டும் விலகி மாலை ஏழு மணிக்கு அதே கம்பியை நாடி வரும். மாலை உச்சத் தேவைக்கு வாங்கும் மின்சாரமே விலை கூடியது. வீடு அல்லாத நுகர்வோரிடம் கூரை மின்சாரத்துக்கு வலையமைப்புக் கட்டணம் கேட்கப்பட்டதும், அதை எதிர்த்துச் சிறு தொழிற்கூடங்கள் முறையிட்டதும் இந்த இடத்திலிருந்துதான் புறப்பட்டன.