அளவுகோலும் வகுப்பறையும்

பிள்ளை ஒன்று கல்வியிற் பின்தங்குமாயின் அதன் காரணத்தை ஆராய்ந்து தீர்ப்புரைக்கும் தகுதி யாருக்குரியது? கல்வி உளவியலாளரைப் பயிற்றும் முறையின் வரலாறு, இவ்வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறே எனலாம். இங்கிலாந்தின் அனுபவம் இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது.

1913ஆம் ஆண்டில் இலண்டன் கவுண்டி சபை சிறில் பேர்ட் என்பாரைத் தன் உளவியலாளராக நியமித்தது. பிரித்தானியாவில் உள்ளூராட்சி மன்றமொன்று இத்தகைய பதவியை ஏற்படுத்தியது அதுவே முதன்முறை. விசேட பாடசாலைகளுக்கு அனுப்பப்பட வேண்டிய பிள்ளைகளைச் சோதிப்பது அவரது கடமைகளுள் ஒன்று. நுண்மதிச் சோதனைக்கு அடிகோலிய பாரிஸ் நகரத்து அல்பிரட் பினே, 1905இல் அதனை ஆக்கியது உதவி வேண்டிய பிள்ளைகளை இனங்காண்பதற்கே. நுண்மதி மாறாதது என்ற கொள்கையை அவர் மறுத்தார். பேர்ட்டோ அது பெரும்பாலும் பிறப்பிலேயே அமைவது என வாதித்தார். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் பதினொரு வயதிலேயே பிள்ளைகளைத் தரம்பிரித்த தேர்வுமுறைக்கு இவ்வாதம் அரணாயிற்று. வர்க்க ஏற்றத்தாழ்வு இயற்கையின் நியதியாக வேடம் பூண்டது.

இதனை எதிர்த்து எழுந்த குரல்களுள் இரண்டு மனங்கொள்ளத்தக்கவை. பாடசாலை ஆசிரியராக இருந்த பிரையன் சைமன் 1953இல் நுண்மதிச் சோதனையின் அடிப்படைகளைக் கண்டித்து நூலெழுதினார். கல்வி வளர்ச்சி குன்றியோருக்கெனப்பட்ட இலண்டன் பாடசாலைகளிற் கற்பித்த பேர்னாட் கோட், மேற்கிந்தியப் பிள்ளைகள் அங்கு அநியாயமாக ஒதுக்கப்படுவதை 1971இல் அம்பலப்படுத்தினார். இருவரும் வகுப்பறையிலிருந்து வந்தவர்கள். பேர்ட்டின் இரட்டையர் ஆய்வுத் தரவுகள் மீது 1974இல் லியோன் கமின் ஐயம் எழுப்பினார். அவை புனையப்பட்டவை என்ற முடிவுக்கு 1979இல் பேர்ட்டின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஹேர்ன்ஷோவே வந்தார். பின்னர் சிலர் பேர்ட்டுக்காக வாதாடினரெனினும் பழைய மதிப்பு மீளவில்லை.

இங்கிலாந்திற் பல்லாண்டுகளாக நிலவிய பயிற்சி வழி, உளவியற் பட்டம், ஆசிரியப் பயிற்சி, ஈராண்டேனும் கற்பித்த அனுபவம், அதன்மேல் ஓராண்டு முதுமாணிப் படிப்பு என அமைந்திருந்தது. 2006இல் இது மாறியது. மூன்றாண்டுக் கலாநிதிப் பட்டப் பயிற்சி வந்தது. ஆசிரியத் தகைமை கட்டாயமன்று என்றாயிற்று. சிறுவரோடு பணியாற்றிய வேறு அனுபவமும் ஏற்கப்பட்டது. 2009 முதல் பதிவு பெற்றோர் மட்டுமே இத்தொழிற்பெயரைப் பூணலாம் எனச் சட்டம் வகுத்தது.

ஆய்வுப் பயிற்சி ஆழமானது நன்றே. போலித் தரவை இனங்காணும் ஆற்றல் அதனாலேயே வாய்க்கும். சமூகப் பணியாளரும் பராமரிப்பாளரும் இத்தொழிலுக்குள் வரக் கதவு திறந்ததும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் நாற்பது பிள்ளைகளின் நடுவே நிற்பவருக்குத் தெரியும் உண்மைகள் சில உள. பசியோடு வந்த பிள்ளையும், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளையும் சோதனைத் தாளில் ஒரே எண்ணாகச் சுருங்கிவிடுவர். அவ்வெண்ணைக் கேள்விக்குட்படுத்தும் கடமை, பயிற்சி வழி எதுவாயினும், வகுப்பறையில் நிற்கும் நம்மை விட்டு நீங்குவதில்லை.