காசுக்குப் பேய்

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை. 1829இல் திறந்து 1971இல் மூடிய கொட்டடி. 1991இலிருந்து அங்கே பேய் காட்டுகிறார்கள். ஹாலோவீன் சமயத்து இரவுகளில் வேஷக்காரர்கள் இருட்டிலிருந்து பாய, சீட்டு வாங்கிய சனம் அலறிச் சிரிக்கிறது. பழைய கட்டடத்தைக் காப்பதற்கு அந்தக் காசும் உதவுகிறது.

அங்கே அடைபட்ட முதல் கைதி சார்லஸ் வில்லியம்ஸ். கருப்பர். விவசாயி. படிக்கத் தெரியும் என்கிறது பதிவேடு. 20 டாலர் கடிகாரமும் சில தங்கச் சாமான்களும் திருடினார்னு இரண்டு வருஷத் தண்டனை. தனி அறை, பேச்சுத்துணை கிடையாது. வெளியே கூட்டிப்போனால் முகத்தை மூடிவிடுவார்கள். திருந்துவதற்கான தனிமையாம்! 1842இல் போய்ப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ், உடம்பை வதைப்பதைவிட இது கொடுமை என்று எழுதினார்.

இத்தனையும் செய்தது பேயில்லை, சட்டம். வேஷப் பேய்க்கு அலறியவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடலாம். வில்லியம்ஸுக்கு வாசல் அப்படித் திறக்கவில்லை.