வேகத்தின் கதை - 9: மன்னிப்புக் கேட்காத லார்வுட்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் பக்கம் ஒரு பேச்சு உண்டு. வேகப்பந்து வீச்சாளர் வேண்டுமென்றால் எங்கும் அலைய வேண்டாம். நிலக்கரிச் சுரங்க வாயிலில் நின்று ஒரு விசில் அடித்தால் போதும், உள்ளேயிருந்து ஒருவன் ஏறி வருவான் என்பார்கள். ஹரால்ட் லார்வுட் அப்படி ஏறி வந்தவர்தான்.

1904 நவம்பர் 14 அன்று நன்கர்கேட் என்ற சுரங்கக் கிராமத்தில் பிறந்தார். அப்பா சுரங்கத் தொழிலாளி. பையன் 13 வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கூட்டுறவுக் கடை ஒன்றில் வேலைக்குப் போனான். 14 வயதில் சுரங்கம். பூமிக்கு அடியில் கரி வண்டி இழுக்கும் மட்டக்குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஓய்வு நாளில் ஊர் அணிக்குப் பந்து வீசினான். 1923-ல் டிரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் தேர்வுக்குப் போனபோது வயது 18. உயரமும் இல்லை, உடம்பும் இல்லை. ஆனாலும் நாட்டிங்ஹாம்ஷயர் அணி வாரம் 32 ஷில்லிங் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டது.

கடைசிவரை அவர் ஐந்தடி எட்டு அங்குலத்தைத் தாண்டவில்லை. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த ஆஜானுபாகுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் சிறுவனாகத் தெரிவார். ஆனால் சுரங்க வேலை தோளையும் முதுகையும் இறுக்கியிருந்தது. ஓடிவரும் அழகு வேறு. காலடிச் சத்தமே கேட்காது, பக்கத்தில் வந்த பிறகுதான் வந்தது தெரியும் என்று அம்பயர்கள் சொல்வார்களாம். வேகத்தைவிட முக்கியமானது அவருடைய குறி. நினைத்த இடத்தில் ஆறு பந்தையும் போடுவார். பின்னால் வந்த பெரிய வம்புக்கு வேகம் பாதிக் காரணம் என்றால், இந்தக் குறி தவறாமை மீதிப் பாதி.

1926 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். அதே நேரத்தில் இங்கிலாந்து முழுக்கச் சுரங்கங்கள் மூடிக் கிடந்தன. கூலிக் குறைப்பை ஏற்காத தொழிலாளர்களை முதலாளிகள் வெளியே நிறுத்தியிருந்தார்கள். லார்வுட் கிரிக்கெட்டுக்கு வராமல் இருந்திருந்தால் அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நின்றிருப்பார். அந்த ஆண்டு ஓவலில் நடந்த கடைசி டெஸ்டில் 6 விக்கெட் எடுத்தார். ஆஷஸ் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1928-ல் பிரிஸ்பேனில் 32 ரன்களுக்கு 6 விக்கெட், கூடவே மட்டையால் 70 ரன். அந்த டெஸ்டில் ஆஸ்திரேலியாவுக்காக முதன்முதலாக இறங்கிய ஒரு 20 வயதுப் பையன் பெரிதாக எதுவும் அடிக்கவில்லை. அடுத்த டெஸ்டில் அவனை உட்காரவும் வைத்துவிட்டார்கள். பெயர் டான் பிராட்மன்.

1930-ல் அந்தப் பையன் இங்கிலாந்துக்கு வந்து 5 டெஸ்டில் 974 ரன் குவித்தான். இன்றுவரை ஒரு தொடரில் அதைத் தாண்டியவர் இல்லை. லீட்ஸில் அடித்த 334-ல் லார்வுட்டுக்குக் கிடைத்தது 139 ரன்னுக்கு 1 விக்கெட். இவனை நேர்வழியில் தடுக்க முடியாது என்ற முடிவுக்கு இங்கிலாந்து வந்துவிட்டது. ஆனால் கடைசி டெஸ்டில் ஓவலில் மழையில் நனைந்த ஆடுகளத்தில் பந்து எகிறியபோது பிராட்மன் கொஞ்சம் சங்கடப்பட்டதாகச் சிலர் கண்ணுக்குப் பட்டது. 232 ரன் அடித்தவன் சங்கடப்பட்டானாம்! இருந்தாலும் ஊகம் ஊகமாக நிற்கவில்லை.

இங்கே டக்ளஸ் ஜார்டின் வருகிறார். பம்பாயில் பிறந்தவர், வக்கீல் குடும்பம், ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு. அந்தக் கால இங்கிலாந்து கிரிக்கெட்டில் இரண்டு சாதி: சம்பளம் வாங்காமல் ஆடும் கனவான்கள் ஒரு பக்கம், கூலிக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இன்னொரு பக்கம். பல மைதானங்களில் உடை மாற்றும் அறை தனி, களத்தில் இறங்கும் வாசல் தனி. ஸ்கோர் அட்டையில் பெயர் அச்சிடும் முறைகூட வேறு. இங்கிலாந்தின் தலைவர் பதவி கனவானுக்கு மட்டும்தான். சாதி என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரே அணியில் ஆடி, ஒரே கோப்பையை வென்றுவிட்டு, தனித்தனி வாசலில் வெளியேறுகிறவர்களை வேறு எப்படிச் சொல்வது?

1932 ஆகஸ்டில் லண்டன் பிக்காடில்லி ஹோட்டலில் ஒரு இரவு விருந்து. ஜார்டின், நாட்டிங்ஹாம்ஷயர் தலைவர் ஆர்தர் கார், லார்வுட், அவருடைய கூட்டாளியான இடக்கை வேகம் பில் வோஸ். வோஸும் சுரங்கத்திலிருந்து வந்தவர்தான். லெக் ஸ்டம்ப் மேல் குறி வைத்து, பந்து உடம்பை நோக்கி எழும்பும்படி விடாமல் போட முடியுமா என்று ஜார்டின் கேட்டார். முடியும் என்றார் லார்வுட். உலகம் பின்னால் பாடிலைன் என்று அழைத்த திட்டம் இதுதான். மட்டையாளரின் விலா உயரத்துக்குப் பந்து வரும். லெக் பக்கம் ஐந்தாறு பேர் கைக்கெட்டும் தூரத்தில் வளைத்து நிற்பார்கள், எல்லைக்கோட்டருகே இன்னும் ஓரிருவர். தடுத்தால் கேட்ச், தூக்கி அடித்தாலும் கேட்ச், விட்டால் உடம்பில் அடி. ஹெல்மெட் என்ற பொருளே இல்லாத காலம்.

அந்தத் திட்டத்தோடு ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. சிட்னியில் முதல் டெஸ்ட். பிராட்மன் ஆடவில்லை. லார்வுட் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட். ஸ்டான் மெக்கேப் மட்டும் அடிக்கு அஞ்சாமல் 187 ரன் எடுத்து நின்றார். அதே டெஸ்டில் இங்கிலாந்துக்காக அறிமுகமாகி சதம் அடித்த பட்டோடி நவாப், லெக் பக்க வளையத்தில் நிற்க மறுத்தார். அடுத்த டெஸ்டோடு அணியிலிருந்து காணாமல் போனார். மெல்போர்னில் பிராட்மன் திரும்பி வந்து முதல் பந்திலேயே பௌல்டு ஆனாலும் இரண்டாவது இன்னிங்ஸில் சதம் அடித்து ஆஸ்திரேலியாவை ஜெயிக்க வைத்தார். 1-1. ஆக, அடிலெய்டுக்கு இரண்டு அணிகளும் முறுக்கோடுதான் வந்து சேர்ந்தன.

1933 ஜனவரி 14, சனிக்கிழமை. அடிலெய்டில் 50,000-க்கு மேல் கூட்டம். லார்வுட்டின் இரண்டாவது ஓவரின் கடைசிப் பந்து. மட்டையுடன் நின்றவர் ஆஸ்திரேலியத் தலைவர் பில் வுட்ஃபுல். பந்து இதயத்துக்கு மேலே நெஞ்சில் இடித்தது. மட்டை கைநழுவ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மடங்கினார். கூட்டம் கத்தித் தீர்த்தது. அந்த நேரத்தில் ஜார்டின் பந்து வீச்சாளரைப் பார்த்து, "நல்ல பந்து, ஹரால்ட்" என்றார். மறுமுனையில் நின்ற பிராட்மன் காதில் விழவேண்டும் என்றே சொன்னது.

இதுவரை பாடிலைன் தொடங்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வுட்ஃபுல்லை அடித்த பந்து, ஆஃப் பக்கம் ஆட்களை நிறுத்திய வழக்கமான வியூகத்துக்கு வீசப்பட்டது. அடுத்த லார்வுட் ஓவர் தொடங்கும்போதுதான், அடிபட்ட மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கையில், ஆட்கள் எல்லாரும் லெக் பக்கம் நகர்ந்தார்கள். வேலி தாண்டி மக்கள் உள்ளே குதித்துவிடுவார்கள் என்று இங்கிலாந்து ஆட்டக்காரர்களே பயந்தார்கள்.

அந்த நகர்வுக்கு உத்தரவிட்டது யார்? லார்வுட் கேட்டார், செய்தேன் என்று பின்னால் எழுதினார் ஜார்டின். ஜார்டின் செய்தது என்றார் லார்வுட். லார்வுட்டின் பேச்சைத்தான் நான் நம்புகிறேன். அணித் தலைவரை ஆயுள் முழுக்க "மிஸ்டர் ஜார்டின்" என்றே மரியாதையோடு சொன்ன மனிதர், பழியைத் தள்ளிவிடுவதற்காக ஒரு பொய் சொல்லியிருப்பார் என்று தோன்றவில்லை.

அன்று மாலை ஆறுதல் சொல்லப் போன இங்கிலாந்து மேலாளர் பெல்ஹாம் வார்னரிடம், களத்தில் இரண்டு அணிகள் இருக்கின்றன, ஒன்றுதான் கிரிக்கெட் ஆடுகிறது என்று வுட்ஃபுல் சொன்னது பத்திரிகைக்குக் கசிந்தது. திங்கட்கிழமை விக்கெட் கீப்பர் பெர்ட் ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டையில் அடி, எலும்பு விரிசல். அதுவும் பாடிலைன் வியூகத்துக்குப் போட்ட பந்தில்லை, தவறு என்னுடையதுதான் என்று ஓல்ட்ஃபீல்டே சொன்னார். யார் கேட்டார்கள்? ஆஸ்திரேலிய வாரியம் லண்டனுக்குத் தந்தி அடித்தது. ஆட்டத்துக்கு அழகில்லாத செயல் என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை அதில் இருந்தது. அந்த ஒரு வார்த்தையை வாபஸ் வாங்க வைப்பதற்கு இரு நாட்டு அரசியல்வாதிகளும் தலையிட வேண்டியிருந்தது.

எல்லாரும் தலைவருக்குக் கட்டுப்பட்டவர்களா? இல்லை. கப்பி ஆலன் என்ற இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் அப்படிப் போடமாட்டேன் என்று ஜார்டின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வழக்கமான வீச்சிலேயே 21 விக்கெட்டும் எடுத்தார். அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஆலன் கனவான், சம்பளத்துக்கு ஆடுகிறவர் இல்லை. லார்வுட் அப்படி மறுத்திருந்தால் அடுத்த கப்பலில் வீட்டுக்கு வரவேண்டியதுதான். அதே சமயம் அவரைக் கட்டாயப்படுத்தப்பட்ட அப்பாவியாகக் காட்டவும் கூடாது. விரும்பியே வீசினார். பிராட்மனை அடக்கியது என் வேலை, அதைச் சரியாகச் செய்தேன் என்ற பெருமை அவருக்குக் கடைசிவரை இருந்தது. 33 விக்கெட், சராசரி 19.51. பிராட்மனின் சராசரி 56-க்கு இறங்கியது. இங்கிலாந்து 4-1 என்று வென்றது.

கடைசி டெஸ்ட் சிட்னியில். நைட் வாட்ச்மேனாக அனுப்பப்பட்ட லார்வுட் 98 ரன் அடித்தார். ஃபீல்டிங்குக்குப் பேர்போகாத பெர்ட் அயர்ன்மங்கர் பிடித்த கேட்சில் சதம் போயிற்று. தொடர் முழுக்கத் திட்டித் தீர்த்த சிட்னி கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸில், ஓவரின் நடுவே, அவருடைய இடது பாதத்தில் எலும்பு உடைந்தது. வலியில் நிற்க முடியவில்லை. ஓவரை முடித்தாக வேண்டும் என்றார் ஜார்டின். ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே கையைச் சுழற்றி மிச்சப் பந்துகளைப் போட்டார். வெளியே போகலாமா என்றால் அதற்கும் அனுமதி இல்லை. பிராட்மன் ஆடும்வரை நீ களத்தில் இருக்க வேண்டும். உன்னால் இனிப் பந்து வீச முடியாது என்று அவனுக்குத் தெரியக் கூடாது என்பது தலைவரின் கணக்கு. சுழற்பந்து வீச்சாளர் வெரிட்டியின் பந்தில் பிராட்மன் 71-ல் வீழ்ந்த பிறகுதான் விடுதலை. பிராட்மனும் லார்வுட்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்து பெவிலியனுக்குப் போனார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. 21 டெஸ்ட், 78 விக்கெட் என்ற கணக்கு அங்கே முடிந்தது. வயது 28.

ஜார்டின் நன்றியாக ஒரு வெள்ளிச் சாம்பல் கிண்ணம் கொடுத்தார். ஆஷஸ் வென்று தந்ததற்காக என்று அதில் பொறித்திருந்தது. லார்வுட் அதைச் சாகும்வரை வைத்திருந்தார்.

தண்டனை எப்படிப் பங்கிடப்பட்டது என்று பாருங்கள். ஜார்டினுக்கு அதன் பிறகும் இரண்டு தொடர்களில் தலைவர் பதவி தந்தார்கள். 1933-34 குளிர்காலத்தில் இந்தியாவுக்கு அணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட், 1934 பிப்ரவரியில் அவர் தலைமையில் வந்த இங்கிலாந்து ஆடியதுதான். அங்கேயும் இங்கிலாந்தின் நோபி கிளார்க் வீசிய பந்தில் இந்தியாவின் நவுமல் ஜியூமலுக்கு முகத்தில் அடிபட்டது. அதுவே ஜார்டினின் கடைசி டெஸ்ட்டும்கூட. அடுத்து ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட விருப்பமில்லை என்று அவரே விலகிக்கொண்டார். கனவானுக்கு விலகும் வசதி இருந்தது.

லார்வுட்டுக்கு வந்தது வேறு. 1934-ல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வரவிருந்தது, சமாதானம் வேண்டும். நாட்டிங்ஹாம்ஷயர் கிளப்பின் பெரும் புரவலரும் மரச்சாமான் வியாபாரத்தில் கோடீஸ்வரரானவருமான சர் ஜூலியன் கான், லார்வுட்டை அழைத்து, உன் வீச்சுக்காக அன்று இங்கிலாந்து கிரிக்கெட்டை நடத்திய எம்.சி.சி. கிளப்பிடம் மன்னிப்புக் கேள் என்றார். அதே எம்.சி.சி.தான் அவரை அனுப்பியது. அவர்கள் நியமித்த தலைவர் சொன்னதைத்தான் அவர் செய்தார். எதற்கு மன்னிப்பு? முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு மறுப்போடு இங்கிலாந்து அணியின் கதவு மூடிக்கொண்டது.

கவுண்டி கிரிக்கெட்டில் மட்டும் தொடர்ந்தார். 1936-ல்கூட 119 விக்கெட் எடுத்து நாட்டின் பந்துவீச்சுச் சராசரிப் பட்டியலில் முதலிடம். அந்தக் குளிர்காலத்தில் பாட்டியாலா மகாராஜாவிடம் பயிற்சியாளராக வந்தார். ஒத்துவரவில்லை, சீக்கிரமே திரும்பிவிட்டார். 1938-ல் ஓய்வு. காய்கறி பயிரிட்டார். போருக்குப் பிறகு பிளாக்பூல் கடற்கரையூரில் சிறிய மிட்டாய்க் கடை வைத்தார். வாசலில் தன் பெயரை எழுதவில்லை.

1948-ல் அந்தக் கடையைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார். ஜாக் ஃபிங்கிள்டன், பாடிலைன் தொடரில் லார்வுட்டின் பந்தை உடம்பில் வாங்கிய ஆஸ்திரேலியத் தொடக்க ஆட்டக்காரர், இப்போது பத்திரிகையாளர். ஆஸ்திரேலியாவுக்கே வந்துவிடேன் என்றார். 1950 ஏப்ரலில் மனைவி லோயிஸுடனும் ஐந்து பெண்களுடனும் லார்வுட் கப்பல் ஏறினார். கப்பலின் பெயர் ஒரோண்டஸ். 1932-ல் ஜார்டினின் அணியை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றிச் சென்ற அதே கப்பல். வீடு கிடைக்கும்வரை சிட்னியில் ஹோட்டல் வாசம். பில்லில் பாதியை, வெளியே தெரியாமல், முன்னாள் பிரதமர் பென் சிஃப்லி கட்டினார். ரயில் இன்ஜின் ஓட்டிப் பிழைத்துப் பிரதமரானவர் அவர். பிறகு குளிர்பானத் தொழிற்சாலையில் வேலை, கிங்ஸ்ஃபோர்டு பகுதியில் சின்ன வீடு. மண்டையில் அடி வாங்கிய ஓல்ட்ஃபீல்டு நண்பரானார்.

பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. விருது கொடுத்து அவரைக் கௌரவித்தது 1993-ல். பாடிலைனுக்கு 60 ஆண்டு கழித்து, அவருடைய 88-வது வயதில். இரண்டு ஆண்டு கழித்து, 1995 ஜூலை 22 அன்று சிட்னியில் காலமானார். மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை. அவர் கேட்டிருக்கவும் கூடாது.

ஜார்டினுக்கும் ஒரு நியாயம் செய்துவிடுவோம். 1933 ஜூலையில் ஓல்டு டிராஃபோர்டில் மேற்கிந்தியர்கள் அவருக்கே பாடிலைன் போட்டுக் காட்டினார்கள். அவர் பின்வாங்காமல் நின்று 127 அடித்தார். டெஸ்டில் அவர் அடித்த ஒரே சதம் அது. அன்று பந்து வீசிய இருவரில் ஒருவர் லியரி கான்ஸ்டன்டைன், டிரினிடாட்டில் அடிமை வம்சத்தில் பிறந்து பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைவரை போனவர். அவரைப் பற்றி அடுத்த வாரம்.